அடுக்குமாடிக் கட்டடங்களின் எரிவாயுக் குழாய்களைத் தீப் பாதுகாப்பு ஆய்வில் சேர்க்கக் கோரி மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை,
எழும்பூர், சென்னை.

பொருள்: அடுக்குமாடிக் கட்டடங்களுக்குள் ஓடும் சமையல் எரிவாயுக் குழாய்கள், வால்வுகள், மீட்டர்கள் ஆகியவற்றைத் தீப் பாதுகாப்பு ஆய்வில் சேர்த்தல் – எல்பிஜியிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறும் கட்டடங்களுக்குத் தனி நடைமுறை வகுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வளாகத்தில் நான்கு பிளாக்குகள் உள்ளன. பில்டர் ஒப்படைத்த நாளிலிருந்தே சிலிண்டர்களை வரிசையாக இணைத்த ஒரு கேஸ் பேங்கும், அங்கிருந்து வீட்டுக்கு வீடு எல்பிஜி குழாயும் இருக்கின்றன. இப்போது நகர எரிவாயு விநியோகம் எங்கள் சாலைக்கும் வந்துவிட்டதால், ஏறத்தாழ பாதி வீடுகள் குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட்டன. மீதி வீடுகள் பழையபடி பேங்கிலிருந்தே எரிக்கின்றன. அதாவது ஒரே கட்டடத்தில், சில இடங்களில் ஒரே சுவரில், இரண்டு வகை வாயு பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது. புதிய இணைப்பை நாங்கள் குறை சொல்லவில்லை. சிலிண்டர் தூக்கும் வேலையும், பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் தொல்லையும் ஒழிந்ததில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கும், சமைக்கிற ஆண்களுக்கும் மகிழ்ச்சிதான்.

சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு, பி பிளாக் படிக்கட்டருகே கேஸ் வாடை அடிப்பதாகக் காவலாளி போன் செய்தார். 101-க்கு அழைத்தோம். தங்கள் துறையின் வண்டி நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்தது. அதற்கு இந்த மனுவிலேயே நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். வந்திறங்கிய அலுவலர் முதலில் கேட்டது, "எந்த கேஸ்?" என்று. அடுத்துக் கேட்டது, "மெயின் வால்வு எங்கே?" கீழே கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் இரண்டுக்கும் சரியான பதில் தெரியவில்லை. சிலிண்டர் அறைச் சாவி பராமரிப்பு மேலாளரிடம் இருந்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டார். காம்பவுண்டு ஓரத்துப் பெட்டிக்குள் வால்வுகள் இருந்தன. எது எந்த பிளாக்குக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை. அதை அடைத்திருந்த காரை நகர்த்த அதன் சொந்தக்காரரை எழுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் பூட்டை உடைத்து, இரண்டு பக்கமும் அடைத்தார்கள்.

மறுநாள்தான் காரணம் தெரிந்தது. மூன்றாம் மாடியில் இயற்கை எரிவாயுவுக்கு மாறிய ஒரு வீட்டில், பழைய எல்பிஜி கிளைக்குழாயைத் துண்டித்தவர்கள் முனைக்கு பிளக் போடாமல், வால்வை மட்டும் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அலமாரியில் பாத்திரம் அடுக்கும்போது கை பட்டு அந்த வால்வு கொஞ்சம் திறந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை. விபத்து நடக்காததால் இது எந்தப் பதிவேட்டிலும் விபத்தாக ஏறாது. ஆகவே நாங்களே எழுதித் தருகிறோம்.

அலுவலர் "எந்த கேஸ்?" என்று கேட்டதன் பொருள் எங்களில் பலருக்கு அன்றுதான் விளங்கியது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும்: சாக்கடை, சம்ப், லிப்ட் குழி, அடித்தளக் கார் நிறுத்தம். இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். அது காற்றின் எடையில் பாதியைச் சற்றே தாண்டும். மேலெழும்பிக் கூரைக்கடியில் சேரும். எல்பிஜி காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும். மீத்தேனுக்கு 5 விழுக்காடு வேண்டும். ஒன்றுக்குக் காற்றுப் போக்கி தரையருகே இருக்க வேண்டும், மற்றதற்குக் கூரையருகே. கசிவு உணரும் கருவிக்கும் இதே கணக்குதான். மாறிய வீடுகளில் நாங்கள் பார்த்தவரை பழைய எல்பிஜி உணரியே தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. மீத்தேன் கசிந்து அறை முழுவதும் நிறைந்த பிறகுதான் அது கத்தும். கருவி இருக்கிறது என்ற நம்பிக்கையில் அந்த வீட்டார் தூங்குகிறார்கள்.

எங்கள் சிலிண்டர் அறை இருக்குமிடத்தையும் சொல்ல வேண்டும். அது தரைத்தளத்தில்தான் இருக்கிறது. அந்த மட்டில் சரி. ஆனால் அதன் கதவிலிருந்து சில அடி தூரத்தில் அடித்தளத்துக்கு இறங்கும் சரிவுப்பாதை தொடங்குகிறது. ஒரு 19 கிலோ சிலிண்டர் முழுவதும் கசிந்தால் சுமார் 8 கன மீட்டர் வாயு. அது 2 விழுக்காடாகப் பரவினால் 400 கன மீட்டர் வெடிக்கத்தக்க கலவை. கூரை 3 மீட்டர் உயரமுள்ள நிறுத்துமிடத்தில் அது ஏறக்குறைய பத்து கார்கள் நிற்கும் இடம். இது ஒரே ஒரு சிலிண்டருக்கான கணக்கு. கட்டட வரைபடத்தில் சிலிண்டர் அறை ஒரு சிறு சதுரம்; சரிவுப்பாதை இரண்டு கோடுகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து கண்ணில் படும்.

விதி இல்லாமல் இல்லை. தேசியக் கட்டட நெறிமுறை 2016-இன் தீப் பாதுகாப்புப் பகுதி, கட்டடத்துக்குள் போகும் எரிவாயுக் குழாய்களைத் தமக்கென ஒதுக்கிய தனிப் புழையில் (ஷாஃப்ட்), வெளிச்சுவரை ஒட்டி, படிக்கட்டுகளுக்குத் தள்ளியே கொண்டுபோக வேண்டும் என்கிறது. அந்தப் புழைக்கும் தளங்களுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்கிறது. எல்பிஜி கனமானது, மற்றது இலேசானது என்பதை மனத்தில் வைத்து மீட்டருக்குக் காற்றோட்டமான இடம் ஒதுக்கச் சொல்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த நெறிமுறை தானாகவே சட்டமாகிவிடாது. மாநிலமும் உள்ளாட்சியும் எடுத்தாளும் அளவுக்குத்தான் அதற்கு வலு.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயரமான கட்டடம். அதற்குரிய கெடுபிடி அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு இல்லை. சென்னையில் கேஸ் குழாய் ஏறுகிற கட்டடங்களில் மிகப் பல அந்த அளவுக்குக் கீழேதான். குழாயில் வரும் வாயு கட்டடத்தின் உயரம் பார்த்துக் கசிவதில்லை.

அந்த இரவுக்குப் பிறகு பல அலுவலகங்களுக்கு நடந்தோம். எங்கும் மரியாதையாகவே பேசினார்கள். எல்லோரும் சொன்னது சரியும்கூட. சிலிண்டர்களை 100 கிலோவுக்கு மேல் சேர்த்து வைத்தால் எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016-இன் கீழ் உரிமம் வேண்டும். அது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் வேலை. நகர எரிவாயு வலையமைப்பின் தொழில்நுட்பத் தரத்துக்குப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2008 விதிமுறைகள். வரைபட அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். தடையின்மைச் சான்று தங்கள் துறையிடம். சமையலறை மர அலமாரிக்குப் பின்னால் ஓடும் இரண்டு குழாய்களையும் ஒருசேரப் பார்த்து, "இது சரி, இது தவறு" என்று சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டபோது மட்டும் யாரிடமும் பதில் இல்லை. எங்கள் வளாகத்துக்குக் கடைசியாக நடந்த ஆய்வில் ஹைட்ரண்ட், பம்பு, தீயணைப்பான், வெளியேறும் வழி எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார்கள். கேஸ் குழாய் அந்தப் படிவத்தில் இல்லை.

ஆகவே நாங்களே வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். குழாய்வேலையில் அனுபவமுள்ள ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இருவர் எங்கள் உறுப்பினர்கள். கண்டவற்றில் பெரும்பாலானவை குடியிருப்போராகிய நாங்கள் செய்தவையே. மாடுலர் கிச்சன் போட்டவர்கள் வால்வையும் சேர்த்துப் பலகைக்குள் அடைத்துவிட்டார்கள். அவசரத்தில் மூட வேண்டுமானால் ஸ்க்ரூ டிரைவர் தேட வேண்டும். மீட்டர் திறந்தவெளியில் இருக்கட்டும் என்றுதான் யுட்டிலிட்டி பால்கனியில் வைத்தார்கள். புறா வருகிறது, மழைச்சாரல் அடிக்கிறது என்று அதற்குக் கண்ணாடி அடைத்து, உள்ளே வாஷிங் மெஷினும் ஸ்விட்ச் போர்டும் வைத்துவிட்டோம். இன்டர்நெட் கேபிள் இழுக்க வந்தவர்கள் கேஸ் குழாய்ப் புழையை வசதியான வழியாகப் பயன்படுத்தி, தளத்துக்குத் தளம் துளை போட்டிருக்கிறார்கள். கடற்காற்று படும் கிழக்குச் சுவரில் குழாயைத் தாங்கும் கிளாம்ப்புகள் துருவேறிக் கழன்று நிற்கின்றன. ஒருவர் வீட்டில் அந்தக் குழாயில் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். ரப்பர் டியூபை ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்பது தெரியாதவர்கள் பாதிப் பேர்.

இவை ஒரு வீட்டுக்காரரின் சொந்த விஷயம் என்று விட முடியாது. லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில் 1968 மே 16 அன்று விடிகாலையில் நடந்தது அனைவரும் அறிந்தது. 18-ஆம் மாடியில் ஒருவர் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தபோது கேஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் இறந்தார்கள். அடுப்புக்கு வந்த குழாயை இணைத்த ஒரு தரக்குறைவான பித்தளை நட்டிலிருந்து கசிந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. கட்டட அமைப்பின் பலவீனமும் அதில் சேர்ந்தது. பற்றவைத்தவர் பிழைத்துக்கொண்டார்; இறந்தவர்கள் பிற வீடுகளில் இருந்தவர்கள்.

எனவே தங்களிடம் நாங்கள் கேட்பது: கட்டடத்துக்குச் சான்று வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் நிரப்பப்படும் ஆய்வுப் படிவத்தில் எரிவாயுக் குழாய்க்கென ஒரு பகுதி சேர்க்க வேண்டும். குழாய் எந்தப் புழையில் போகிறது, மின்கம்பிகளோடு சேர்ந்து போகிறதா, தளங்களின் துளைகள் தீத்தடுப்புப் பொருளால் அடைக்கப்பட்டுள்ளனவா, சிலிண்டர் அறைக்கு அருகே பள்ளமோ சாக்கடை மூடியோ உண்டா, கடைசியாக எப்போது அழுத்தச் சோதனை நடந்தது என்பவை அதில் இருந்தால் போதும். 18.30 மீட்டருக்கு உட்பட்ட கட்டடங்களில் குழாய்வழி எரிவாயு இருந்தால் அவற்றுக்கும் இது பொருந்த வேண்டும். ஊரிலுள்ள எல்லாக் கட்டடங்களையும் ஆய்வு செய்யத் தங்கள் துறையில் ஆள்பலம் போதாது என்பதை நாங்கள் அறிவோம். தகுதிபெற்ற பொறியாளரின் சான்றை ஆண்டுதோறும் சங்கமே பெற்று நிலையத்தில் தாக்கல் செய்வது, அவற்றில் சிலவற்றை மட்டும் தாங்கள் நேரில் சரிபார்ப்பது என்ற ஏற்பாடு எங்களுக்குச் சம்மதம். செலவு எங்களுடையது.

ஒரு வாயுவிலிருந்து மற்றதற்கு மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வகுப்பதுதான் எங்களுக்கு இதைவிட அவசரம். பழைய கிளைக்குழாயில் மிச்சமுள்ள வாயுவை நைட்ரஜன் செலுத்தி வெளியேற்றி, முனைக்கு உலோக பிளக் போட்டு, அதை ஒருவர் கையொப்பமிட்டுச் சான்றளிக்க வேண்டும். வால்வை மூடுவது துண்டிப்பு ஆகாது. அடுப்பில் வாயு வெளிவரும் துளையான ஜெட்டை மாற்றுவதோடு உணரியின் இடத்தையும் வகையையும் மாற்றாமல் இணைப்பைத் திறக்கக் கூடாது. இதில் கையொப்பமிட வேண்டியவை எரிவாயு நிறுவனங்கள். அவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அமைப்புகளிடம் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் எழுதும் கடிதத்துக்கும் தங்கள் துறை எழுதும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கள் அறிவீர்கள்.

ஒவ்வொரு வளாகத்தின் வாயிலிலும் எரிவாயுக் குழாய் வரைபடம் தமிழில், பெரிய எழுத்தில், எந்த வால்வு எந்த பிளாக்குக்கு என்ற விவரத்தோடு வைக்க ஆணையிட வேண்டும். வால்வின் முன் கார் நிறுத்தத் தடையும், சாவிக்குக் கண்ணாடிப் பெட்டியும் வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. இரவுக் காவலாளிகளில் பலர் வெளிமாநிலத்தவர் என்பதால் படக்குறியீடுகளும் இருப்பது நல்லது; 101, எல்பிஜி கசிவுக்கான 1906 ஆகிய எண்களும் அதிலேயே இருக்கலாம்.

எங்கள் வளாகத்தில் வரைபடத்தை நாங்களே வரைந்து முடித்துவிட்டோம். கண்ணாடி அடைத்த பால்கனிகளில் மீட்டர் உள்ளவற்றைத் திறக்கப் பொதுக்குழுவில் தீர்மானமும் போட்டிருக்கிறோம். இரண்டு வீட்டார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் துறை புதிய படிவத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினால் முதல் ஆய்வை எங்கள் வளாகத்திலேயே நடத்தலாம். குறை கண்டால் அறிவிப்பு வழங்கத் தயங்க வேண்டியதில்லை. அந்த இரு வீட்டாருக்கும் அது உதவியாக இருக்கும்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், அடுத்த பருவமழைக்கு முன்பாக எங்கள் பகுதி நிலைய அலுவலரின் நேராய்வுக்கு ஒரு நாள் குறித்துத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: சென்னை

இணைப்பு: வளாகத்தின் எரிவாயுக் குழாய் வரைபடம், நிழற்படங்கள், பொதுக்குழுத் தீர்மான நகல், உறுப்பினர்களின் கையொப்பங்கள்.

நகல்: உறுப்பினர் செயலர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மாவட்டத் தீயணைப்பு அலுவலர்.