கேனிஸ்டரைக் கழற்றிப் போடும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெட்ரோல் கார் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன்களுக்கு,

வணக்கம். நிற்கும்போது இன்ஜின் சீராக ஓடாமல் ஐடிலிங் ஆடுகிறது, பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, வாடை வருகிறது என்று வண்டி வந்து நின்றால், சில பட்டறைகளில் முதலில் பலியாவது, டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டர் என்கிற அந்தக் கறுப்பு டப்பாதான். ஹோஸைப் பிடுங்கி, ஒரு போல்ட்டைச் சொருகி, கிளிப் போட்டு, "தேவையில்லாத ஐட்டம் சார், சட்டத்துக்காக வைத்தது" என்று அனுப்பிவிடுகிறார்கள். என் வண்டிக்கும் ஒரு பட்டறையில் இதுதான் நடந்தது. என்னைக் கேட்கவும் இல்லை, பில்லில் எழுதவும் இல்லை.

சட்டத்துக்காக வைத்தது என்பது சரிதான். கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்து டேங்க் ஆவியைப் பிடித்தாக வேண்டும் என்று விதி வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கா முழுக்க. பெட்ரோல் ஆவியும் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோன் கலந்த புகைமூட்டமாக மாறி லாஸ் ஏஞ்சலஸ்காரர்களின் கண்ணையும் நெஞ்சையும் எரித்ததுதான் காரணம். வெயிலுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? மே மாதம் வெட்டவெளியில் நிற்கும் கார், இன்ஜின் ஓடாமலே ஆவி விடும். அந்த ஆவியில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் இருக்கிறது. வண்டிக்காரர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்; நாள் முழுக்கப் பட்டறைக்குள் அதைச் சுவாசிப்பது நீங்களும் வேலை பழக வந்த பையன்களும்தான்.

கழற்றினால் பிக்கப் ஏறும், மைலேஜ் கூடும் என்று ஒரு பேச்சு உண்டு. டப்பாவுக்குள் இருக்கும் கரி, டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கிறது. இன்ஜின் சூடானதும் ஈசிஎம் என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், டப்பாவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் பர்ஜ் வால்வைத் திறக்க, இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் வேக்குவம் அந்த ஆவியை உறிஞ்ச, இன்ஜின் அதை எரித்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் அது. கொஞ்சம்தான் என்றாலும், காற்றில் விட்டால் மைலேஜ் எப்படிக் கூடும்?

கோளாறு பெரும்பாலும் டப்பாவில் இருக்காது, பர்ஜ் வால்வில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஸ்கேனர்கூட வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, வால்வில் கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி அந்த வாயில் விரலை வையுங்கள். குளிர்ந்த ஐடிலில் பெரும்பாலான வண்டிகளில் அது விரலை உள்ளே இழுக்கக் கூடாது. இழுத்தால் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் இதனால்தான், டேங்கிலிருந்து ஆவி நேராக இன்ஜினுக்குள் போய் நிறைகிறது. சந்தேகமாக இருந்தால் வால்வை வெளியே எடுத்து வாயால் அல்ல, கைப்பம்பால் காற்றடித்துப் பாருங்கள். கரண்ட் இல்லாதபோது காற்று போகக் கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் 'டக்' என்று திறக்க வேண்டும். வால்வுக்குள் கறுப்புத் துகள் இருந்தால் மட்டும், கேனிஸ்டர் உள்ளே உடைந்து கரி கொட்டுகிறது. அப்போது இரண்டையும் மாற்றி, ஹோஸையும் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். வால்வை மட்டும் மாற்றினால் அதே கரி புது வால்வையும் அடைத்துவிடும்.

டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்றை 'உஸ்' என்று பலமாக உள்ளே இழுக்கிறதா? பங்க்கில் நாசில் அடிக்கடி கட் ஆகிறதா? கேனிஸ்டரின் காற்று வரும் வழியைப் பாருங்கள். புழுதியும் பூச்சிக்கூடும் அடைத்திருக்கலாம். இதற்குப் போய் டப்பாவையே எடுத்துவிட்டு டேங்க் பக்க ஹோஸை அடைத்தால், டேங்க் மூச்சு விட வழியில்லாமல் போகும், பம்ப் திணறும். திறந்து விட்டாலோ பானெட்டுக்குள் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஆவி. எதைச் செய்தாலும் ஆபத்துதான்.

புகைச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறதே என்பீர்கள். கிடைக்கும். அங்கே குழாயைச் சைலன்சரில் விடுகிறார்கள், டேங்க்கில் அல்ல. கம்பெனியில் புது மாடலுக்கு அனுமதி வாங்கும்போது காரையே மூடிய அறைக்குள் நிறுத்தி ஆவியை அளப்பார்கள். சாலைக்கு வந்த பிறகு அதை அளக்க யாரும் இல்லை. அமெரிக்க வண்டிகளில் அரை மில்லிமீட்டர் ஓட்டை விழுந்தாலே செக் இன்ஜின் விளக்கு எரியும். இங்கே பல வண்டிகளில் வால்வின் வயரிங் சரியாக இருந்தால் போதும், ஹோஸ் இல்லாவிட்டாலும் விளக்கு எரியாது. போக்குவரத்துத் துறைக்குத் தனியாக எழுத வேண்டிய விஷயம் இது.

வண்டிக்காரர்கள் பக்கமும் தப்பு உண்டு. நாசில் கட் ஆன பிறகும் "ரவுண்டா போடுங்க" என்று கேட்பதால்தான் பல கேனிஸ்டர்களுக்குள் ஆவிக்குப் பதில் பெட்ரோலே போய்க் கரி நனைந்து பாழாகிறது. எங்களிடம் இதை நீங்கள் சொன்னால் கேட்போம், பங்க் பையன் சொன்னால் கேட்க மாட்டோம்.

நான் கேட்பது இதுதான். முதலில் வால்வைச் சோதியுங்கள். பாகம் கிடைக்க நாளாகும் என்றால் அதைச் சொல்லுங்கள், காத்திருக்கிறோம். செலவு எவ்வளவு என்று சொல்லிவிட்டு முடிவை எங்களிடம் விடுங்கள். எதைக் கழற்றினாலும் பில்லில் எழுதி, கழற்றிய பாகத்தை டிக்கியில் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பெட்ரோல் கார்க்காரன்