புதுக்கோட்டைக்கு ஒரு எம்.பி. வேண்டும்

தொகுதி மறுவரையறை ஆணையத்தாருக்கு,

வணக்கம். புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி எப்படிக் காணாமல் போனது என்பது உங்கள் கோப்புகளிலேயே இருக்கும், அதனால் நீட்டி எழுதவில்லை. 2008 மறுவரையறை ஆணையோடு, எங்கள் மாவட்டத்துச் சட்டமன்றத் தொகுதிகளில் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்குப் போயின, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, எங்கள் விராலிமலை கரூருக்கு.

சமீபத்தில் என் சித்தப்பாவுக்குத் திருச்சியில் இதய ஆபரேஷன். பிரதமர் நிவாரண நிதிக்கு எழுத எம்.பி. கடிதம் இருந்தால் நல்லது என்றார்கள். சித்தி பக்கத்தில் இருந்த ஒரு எம்.பி. அலுவலகத்துக்குப் போக, வாக்காளர் அட்டையைப் பார்த்துவிட்டு, விராலிமலை என்றால் கரூருக்குத்தான் போகணும் அம்மா என்று தன்மையாகவே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் இருந்து திருச்சி முப்பது கிலோமீட்டர்தான், கரூருக்கு அதையும் தாண்டிப் போக வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனவர், ரேஷன் கார்டு நகல் இல்லை என்று திரும்பி வந்து, மறுநாள் மறுபடி போனார். அந்த இரண்டு நாளும் சித்தப்பா ஐசியூவில், வெளியே பெஞ்சில் ஆள் இல்லை.

கேட்பது ஒன்றுதான், புதுக்கோட்டையை ஒரே மக்களவைத் தொகுதியாக்குங்கள். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி, 39 மக்களவைத் தொகுதி, ஒன்றுக்கு ஆறு. எங்கள் மாவட்டத்தில் இருப்பதும் சரியாக ஆறு! மக்கள்தொகை இடிக்கிறது என்பீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட 2001 கணக்கில் மாவட்டத்துக்குச் சுமார் 14.6 லட்சம், ஒரு மக்களவைத் தொகுதிக்கு மாநில சராசரி 16 லட்சம். இந்த வித்தியாசத்துக்கா நாலு துண்டு?

ஒரு மாவட்டத்துக்கு நாலு எம்.பி., கொடுத்து வைத்தவர்கள் என்று சிலர் கேலி பேசுகிறார்கள். நாலு மாப்பிள்ளை இருந்தும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருத்தர் இல்லாத வீட்டுக் கதைதான் அது. அடுத்த மறுவரையறையில் இந்த 39 குறைந்துவிடுமோ என்று இப்போது மாநிலமே சண்டை போடுகிறது, நியாயமான சண்டைதான், போடட்டும். எங்களுக்கு 2009 தேர்தலிலேயே குறைந்துவிட்டது, அப்போது யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. 1948 வரை தனி சமஸ்தானம், முதல் பொதுத் தேர்தலில் இருந்தே பட்டியலில் இருந்த பெயர், கம்யூனிஸ்ட் தலைவர் உமாநாத் ஜெயித்துப் போன தொகுதி. அந்தப் பெயரை ஏன் அழித்தீர்கள் என்று இன்றுவரை எங்களுக்கு ஒருவரும் விளக்கவில்லை. வரைபடத்தில் கோடு போட்டவர்கள் ஒருமுறை எங்கள் பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்கலாம்.

சரி, கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். அடுத்த வரைவில் ஆறு தொகுதியையும் சேர்த்துப் புதுக்கோட்டை என்றே பெயர் வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் தயவுசெய்து புதுக்கோட்டையிலேயே வையுங்கள். ஆறு தொகுதிக்காரர்களும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
விராலிமலை வாக்காளன் ஒருவன்
(கரூர் தொகுதி)