பகலில் வேலை, சாயங்காலம் பந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடுதாசி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எழுதிப்போட்டால் ஆட்டத்தைக் கைகழுவிவிட்டதாகத்தானே அர்த்தம் என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

அறைச் சுவரில் ஜப்பான் கால்பந்து வீராங்கனை ஹோமாரே சாவாவை ஒட்டி வைத்திருக்கிறாய். நீயும் மிட்ஃபீல்டு, அவளும் மிட்ஃபீல்டு. ஆனால் நீ பார்ப்பதெல்லாம் 2011-இல் உலகக் கோப்பையைத் தூக்கிய சாவாவை. எனக்கு அதற்கு முந்தைய சாவாதான் முக்கியம்.

தோக்கியோ பக்கம் ஃபுச்சூ ஊர்க்காரி. அண்ணன் பின்னாலேயே போய்ப் பையன்களோடு ஆடப் பழகியவள். 12 வயதிலேயே யோமியூரி பெலேஸா கிளப்புக்காக லீக்கில் இறங்கிவிட்டாள். 15 வயதில் ஜப்பான் அணி, முதல் மேட்சிலேயே பிலிப்பைன்ஸுக்கு எதிராக நான்கு கோல். இதுவரை கதை ஜோர். பிறகுதான் ஜப்பானில் பணம் வற்றியது. பெண்கள் அணிகளை வைத்து நடத்திய கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. 1999 உலகக் கோப்பையில் அடி வாங்கியதில் சிட்னி ஒலிம்பிக் வாய்ப்பும் போயிற்று. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனாள். முதலில் டென்வரில் ஒரு கிளப், 2001-இல் அட்லான்டா பீட் கிளப். 2003 உலகக் கோப்பை தொடங்கச் சில நாள் இருக்கும்போது அந்த அமெரிக்க லீக்கையே இழுத்து மூடினார்கள். திரும்பிப் பழைய கிளப்புக்கே வந்தாள். 2009-இல் மறுபடி அமெரிக்கா, வாஷிங்டன் ஃப்ரீடம் கிளப். 2011-இல் ஜப்பானில் கோபே ஊர் கிளப். காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தா அவள் ஆடினாள்?

அந்த 2011 அணியை எடுத்துக்கொள். உலக சாம்பியன்கள் என்கிறோம். அதில் எத்தனையோ பேர் பகலில் வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் பயிற்சிக்கு வந்தவர்கள். முழுச் சம்பளத்தில் ஆட்டம் மட்டுமே என்று இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களை யாராவது ஆட்டத்தை விட்டவர்கள் என்றார்களா? மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் அடித்த நாட்டிலிருந்து போனவர்கள், ஜூலையில் ஜெர்மனியை ஜெர்மனியிலேயே தோற்கடித்தார்கள்.

ஃபைனலை யூடியூபில் நானும் பார்த்தேன், உன் தயவில். ஃபிராங்க்ஃபர்ட். கூடுதல் நேரத்தில் அமெரிக்கா 2-1. மூன்று நிமிஷம்தான் பாக்கி, ஜப்பானின் ஆயா மியாமா கார்னர் அடிக்கிறாள். எல்லாரும் கோலைப் பார்த்து முண்டுகிறார்கள். சாவா மட்டும் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பந்து வருகிற பக்கம், முன் கம்பத்தை நோக்கி ஓடுகிறாள். வலது காலின் வெளிப்பக்கத்தால் ஒரு தட்டு. பந்து பின்னால் போய் வலையில் விழுகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் அந்தக் கால் எப்படித் திரும்பியது என்று எனக்குப் பிடிபடவில்லை. பெனால்டியில் 3-1. ஜெயித்த கையோடு மியாமா கொண்டாடப் போகாமல் அழுதுகொண்டிருந்த அமெரிக்கப் பெண்களைத் தேடிப் போனாள். கோலை விட அது எனக்குப் பிடித்தது என்றால் நீ சிரிப்பாய்.

ஐந்து கோல் போட்டு, அதிக கோலுக்கான கோல்டன் பூட், கூடவே சிறந்த ஆட்டக்காரிக்கான கோல்டன் பால், அடுத்த ஜனவரியில் கிமோனோ கட்டிக்கொண்டு போய் வாங்கிய, உலகின் சிறந்த வீராங்கனைக்கான ஃபிஃபா விருது, இதெல்லாம் உனக்கு மனப்பாடம். விருது வாங்கிய அதே வருஷம் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன ஃப்ளைட்டில் ஜப்பானின் ஆம்பளைப் பிள்ளைகள் அணி பிசினஸ் கிளாஸில், உலக சாம்பியன்கள் எகானமியில்! வெள்ளி வாங்கிய பிறகுதான் திரும்பி வர பிசினஸ் கிளாஸ் கிடைத்தது. இதை உன் அப்பாவிடம் சொன்னேன். "எல்லா ஊரிலும் இதே கதைதானா" என்று பேப்பரை மடித்து வைத்தார்.

2014 மே மாதத்துக்குப் பிறகு ஒரு வருஷம் போல அவளை ஜப்பான் அணியில் கூப்பிடவே இல்லை. நீ இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நான்கு மாதம். அவள் கோபேயில் தன் கிளப்புக்கு ஆடிக்கொண்டே இருந்தாள். 2015-இல், 36 வயதில், திரும்பக் கூப்பிட்டார்கள். அது ஆறாவது உலகக் கோப்பை. ஃபைனலில் 16 நிமிஷத்துக்குள் நான்கு கோல் வாங்கி அணி நிலைகுலைந்த பிறகு, 33-ஆவது நிமிஷத்தில் அவளை இறக்கினார்கள். 5-2, தோல்விதான். அந்த நேரத்தில் போய் நிற்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

அந்த டிசம்பரில் ஓய்வு என்று அவளே அறிவித்தாள். கடைசி மேட்ச், ஜப்பான் கிளப்புகளுக்கான எம்ப்ரஸ் கப் போட்டியின் ஃபைனல். 78-ஆவது நிமிஷம், கார்னர், தலையால் முட்டி ஒரே கோல், 1-0. நாட்டுக்காக 205 மேட்ச், 83 கோல் போட்டவள் எப்போது நிறுத்துவது என்பதைத் தானே பார்த்துக்கொண்டாள். உனக்கும் அதை அத்தையோ, கோச்சோ, நானோ சொல்லப் போவதில்லை.

அதனால் வேலைக்கு எழுதிப்போடு. சம்பளம் வந்தால் பூட்ஸுக்கு யாரையும் கேட்க வேண்டாம், டிபார்ட்மென்ட் டீமில் ஆட்டமும் இருக்கும். வேண்டாம் என்று உனக்கே தோன்றினால் விட்டுவிடு, ஊர் என்ன நினைக்கும் என்பதற்காக மட்டும் விடாதே. மாநிலப் போட்டி சான்றிதழ்களை அப்பா ஜெராக்ஸ் எடுத்து அட்டெஸ்டேஷனும் வாங்கிவிட்டார். கொரியரில் வருகிறது. போட்டோ மட்டும் புதிதாக எடு, பழையதில் உன் முடி சகிக்கவில்லை.

கணுக்கால் வீக்கம் வடிந்ததா என்று சொல்லு.

அன்புடன்,
அம்மா