மச்சானுக்கு, அந்த 35 மெகாஹெர்ட்ஸ் பெட்டி பற்றி

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. வீடு மாறும்போது கராஜ் மூலையில் அகப்பட்ட, மாதிரி விமானத்தை வானொலி அலையால் ஓட்டுகிற அந்தப் பழைய ஃபுட்டாபா பெட்டியை எறியவா, கொண்டுவரவா என்று கேட்டிருக்கிறாய். எறியாதே. ஆனால் மருமகன் பெடியன் அதை வைத்துத்தான் பறக்கவிடப் போகிறான் என்றும் நினைக்காதே. அவன் இந்தக் காலத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் ஒன்று வாங்கி, விமானத்துக்கு ரிஜிபோம் நுரைப் பலகை வெட்டி, மோட்டரும் பூட்டி ஆயத்தமாக நிற்கிறான். பழைய பெட்டி எனக்குத்தான் வேண்டும், அவனுக்குப் பாடம் சொல்ல.

"இப்போது எல்லாம் 2.4 தானே, சனல் பார்க்கிற தொல்லையே இல்லையே, பிறகென்ன பாடம்?" என்று நீயும் எழுதியிருக்கிறாய், அவனும் அதையே சொல்கிறான். எனக்கு அதில் உடன்பாடில்லை. சனல் தொல்லை ஒன்றுதான் போனது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். அதனால்தான் தெரிகிற பெட்டி ஒன்று எனக்குத் தேவை.

படத்தில், அலைவரிசையைத் தீர்மானிக்கிற கிறிஸ்டலின் மேல் சனல் எண் 66 என்று தெரிகிறது. நீ இருக்கிற பிரித்தானியாவில் 35 மெகாஹெர்ட்ஸைப் பறக்கிற மாதிரிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். காருக்கும் படகுக்கும் 40. சனலுக்குச் சனல் இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். 60ஆம் சனல் என்றால் 35.000 மெகாஹெர்ட்ஸ், ஆகவே உன்னுடையது 35.060. கனடாவில் தம்பி வைத்திருக்கும் செட் இதனோடு சேராது. அங்கேயும் அமெரிக்காவிலும் 72 மெகாஹெர்ட்ஸ், 11 முதல் 60 வரை சனல்கள், இடைவெளி 20 கிலோஹெர்ட்ஸ். இரண்டு பெட்டியையும் ஒன்றாகப் போட்டு அனுப்பினால் இங்கே பெடியன்கள் குழம்பிப்போவார்கள், தனித்தனியாகக் கட்டு.

இன்னொன்று. பெட்டிக்குள் இரண்டு கிறிஸ்டல் இருக்க வேண்டும், ஒன்று கையில் பிடிக்கிற ட்ரான்ஸ்மிற்றருக்கு, மற்றது விமானத்துக்குள் இருக்கிற றிசீவருக்கு. இரண்டிலும் 35.060 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் சாதாரண றிசீவரின் கிறிஸ்டல் உண்மையில் அதிர்வது 34.605இல். வருகிற சிக்னலோடு தன் அதிர்வைக் கலந்து, வித்தியாசமாகக் கிடைக்கும் 455 கிலோஹெர்ட்ஸை மட்டும் வடிகட்டிப் பெருக்குகிற வித்தை அது. உனக்கு இது புதிதில்லை. அந்த நாளில் ட்ரான்சிஸ்டர் றேடியோவின் முதுகைக் கழற்றினால் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று சின்னத் தகரப் பெட்டிகள் வரிசையாக நிற்குமே, அவையும் இதே 455தான். றேடியோ திருத்துகிறவர் "தம்பிமாரே, அந்தக் கலர் திருகாணியில மட்டும் கை வைக்காதீங்கோ" என்று கத்துவாரே, காரணம் அதுதான். சிற்றலையில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நிலையம் பிடித்த நமக்கு இதெல்லாம் உடனே விளங்கும். பெடியனுக்கு ட்யூன் பண்ணுவது என்றாலே தெரியாது. பொத்தானை அமத்திப் பிடித்தால் ட்ரான்ஸ்மிற்றரும் றிசீவரும் "பைண்ட்" ஆகிச் சோடி சேர்ந்துவிடும், கதை முடிந்தது.

ஆகவே கிறிஸ்டல்களை மாறிப் போடாமல் இருக்கிற இடத்திலேயே விட்டு அனுப்பு. ட்ரான்ஸ்மிற்றருடையதை றிசீவரில் செருகினால் அது 455 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போய் வேறெங்கோ காது கொடுத்துக்கொண்டிருக்கும். றிசீவரில் "டுவல் கன்வெர்ஷன்" என்று எழுதியிருக்கிறதா என்றும் பார். அந்த வகை முதலில் 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, பிறகுதான் 455க்கு வரும். அதன் கிறிஸ்டல் வேறு. மேலே எழுதியிருக்கிற எண் ஒன்றாகவே இருப்பதால் ஏமாறுவது லேசு.

உங்கள் கிளப்பில் உடுப்புக் கொழுவுகிற கிளிப்பில் சனல் எண் எழுதிப் பலகையில் தொங்கவிட்டிருந்ததாக ஒருமுறை எழுதியிருந்தாய். அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 66ஆம் கிளிப் என் சட்டையில் இருக்கும்வரை வேறு எவனும் 66ஐப் போடக்கூடாது. வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று ஒருவன் "சும்மா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போட்டால், வானத்தில் இருக்கிற இன்னொருவனின் விமானம் கல்லாக விழும். எஃப்எம் றிசீவர் பலமான சிக்னலுக்குத்தான் பணியும், எஜமான் யாரென்று அதற்குத் தெரியாது. அமெரிக்கக்காரனுக்கு இதற்கு மேலும் ஒரு தலையிடி இருந்தது. அவர்களின் பட்டை அகலம், ஏறக்குறைய ஒரு மெகாஹெர்ட்ஸ். அதனால் 23 சனல் தள்ளி நிற்கும் இரண்டு ட்ரான்ஸ்மிற்றர்களுக்கு இடையே 460 கிலோஹெர்ட்ஸ் வரும். அந்த 455க்குப் பக்கத்தில் வந்துவிட்டதல்லவா? சாதாரண றிசீவர் தடுமாறும். உங்களுடைய 35 பட்டை 34.950இல் தொடங்கி 35.300இல் முடிகிறது, மொத்தமே 350தான், அந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை. இதை அறிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

சரி, 2.4க்கு வருவோம். அந்த செட் ஒரே அலைவரிசையில் நிற்பதில்லை. 2400இலிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டைக்குள் தாவிக்கொண்டே இருக்கும். றிசீவரும் அதே ஒழுங்கில் தாவும், தன் ட்ரான்ஸ்மிற்றரின் அடையாள எண்ணோடு வராத எதையும் ஏற்காது. இந்த யோசனை எவ்வளவு பழையது தெரியுமா? ஹெடி லமார் என்ற சினிமா நடிகையும் ஜோர்ஜ் அன்தைல் என்ற இசைக்காரரும் சேர்ந்து 1942 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார்கள். எதிரி குழப்ப முடியாதபடி டோர்பிடோவை வானொலியால் செலுத்துவதற்கு. தானாக வாசிக்கும் பியானோவின் துளைபோட்ட காகிதச் சுருளைக் கொண்டு 88 அலைவரிசைகளில் தாவலாம் என்று எழுதியிருந்தார்கள். பியானோவில் கட்டைகளும் 88. அமெரிக்கக் கடற்படை அதை அந்தப் போரில் பயன்படுத்தவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதிதான் யப்பான் விமானங்கள் நம் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. அப்பா அந்தக் காலையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் சைரனைத்தான் முதலில் சொல்வார்.

தாவுகிறது என்பதற்காகக் கவலை இல்லையா? இருக்கிறது. 35இல் அலைநீளம் எட்டரை மீற்றர். றிசீவரின் வயர் ஒரு மீற்றர் அளவில் வாலிலிருந்து தொங்கிக்கொண்டு பறந்தது, அதை வெட்டக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. 2.4இல் அலைநீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர்தான். அன்ரனா என்று வேலை செய்வது நுனியில் தோல் உரித்துவிட்டிருக்கும் 31 மில்லிமீற்றர் மட்டும், மிச்சம் வெறும் கேபிள். இந்தப் பெடியன்கள் அந்த நுனியைப் பற்றரிக்குப் பக்கத்தில் சுருட்டி ஒட்டிவிடுகிறார்கள். இன்னொருவன் விறைப்பாக இருக்கட்டும் என்று உடலுக்குள் காபன் குழாய் வைத்து, அதற்குள்ளேயே அன்ரனாவையும் விட்டிருந்தான். காபன் மறைக்கும், பற்றரி மறைக்கும், ஈரமான மரமும் மறைக்கும், ஏன், முதுகைக் காட்டி நின்றால் நாமே மறைப்போம். இரண்டு நுனி இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வை, ட்ரான்ஸ்மிற்றரின் அன்ரனா நுனியை விமானத்தை நோக்கி நீட்டாதே என்று சொன்னால், நான் சாத்திரம் சொல்வதுபோலப் பார்க்கிறார்கள். நுனி நோக்கும் திசையில்தான் அலை மிகவும் குறைவு. உன் பழைய பெட்டியின் நீண்ட கம்பியை இழுத்து நீட்டிக் காட்டினால் அவர்களுக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

தூரச் சோதனையும் அப்படித்தான். பழைய செட்டில் கம்பியை உள்ளே தள்ளிவிட்டு முப்பது அடி எடுத்துவைத்துப் போய், சுக்கான்களை அசைக்கிற சேர்வோக்கள் நடுங்காமல் அசைகின்றனவா என்று பார்ப்பார்கள். புதியதில் அதற்கென்றே வலுக்குறைக்கும் முறை உள்ளே இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. மோட்டர் ஓடும்போதும் ஒருமுறை பார்க்க வேண்டும், அதையும் செய்வதில்லை.

அப்புறம் ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. பல செட்டுகளில் நாமாக அமைக்காவிட்டால், கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு போகும், மோட்டர் முழு வேகத்தில் இருந்தாலும்கூட. உங்கள் பக்கத்து வயலில் அது ஒரு வேலியைத் தாண்டும், அவ்வளவே. இங்கே வைகாசி முதல் கச்சான் தொடங்கிவிடும். தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. நிலாவெளிக் கரையில் நின்று பறக்கவிடுகிறவனுக்குச் சிக்னல் அறுந்தால் அடுத்த கரை பர்மா. அதனால் மருமகனுக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை, மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ரொட்டில் பூச்சியத்துக்கு வர அமைத்துவிட்டு, விமானத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ட்ரான்ஸ்மிற்றரை அணைத்து மோட்டர் நிற்பதை எனக்குக் காட்ட வேண்டும். விசிறியைக் கழற்றிவிட்டுத்தான். முகம் சுளித்தான், ஆனால் செய்தான். மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு முடிந்த வயல் கிடைத்தால் கரைப்பக்கமே போகவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

எங்கே பறப்பது என்பது இந்த ஊரில் காற்றை மட்டும் பொறுத்ததில்லை. ஒரு பக்கம் சீனக்குடா விமானப்படைத் தளம், மறுபக்கம் கடற்படை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ட்ரோன் பறப்பதையே சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை கொஞ்சக் காலம் நிறுத்திவைத்தது. மாதிரி விமானத்துக்கும் ட்ரோனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காவலரணில் நின்று விளக்க எனக்கு வயதுமில்லை, ஆசையுமில்லை. அனுமதி கேட்டுத்தான் எதுவும். நீ கொண்டுவரும் ட்ரான்ஸ்மிற்றருக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலே எழுதிக் கேட்டுவிடுவோம். பெட்டியின் மாடல் பெயரையும் அலைவரிசையையும் எனக்கு அனுப்பு, கடிதத்தை நான் தயாரிக்கிறேன். கம்பி நீட்டிய பெட்டியோடு நீ சோதனைச் சாவடி கடந்து வருவதை அந்த நாளில் நினைத்துப்பார்த்திருப்போமா? போர்க்காலத்தில் ரோர்ச் பற்றரிக்கே விளக்கம் சொன்ன ஆட்கள் நாம்.

வீட்டில் எல்லோரும் சுகம். அக்காவுக்கு முழங்கால் நோ, ஆனாலும் கோயிலுக்குப் போவதை விடமாட்டாள். கோட்டை மான்கள் இப்போது தெருத்தெருவாகத் திரிகின்றன, ஒன்று உவர்மலையில் உன் பழைய வீட்டு மதில் வரை வந்து ரோசாச் செடியைத் தின்றுவிட்டதாம்.

நீ வரும்போது மூன்று செல் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி இரண்டு வாங்கிவா, 2200 மில்லியம்பியர்-மணி அளவு போதும். பெரிய பெட்டியில் போடாதே, கைப்பையில் வை, முனைகளை ரேப் போட்டு ஒட்டு. ஒன்று ஏறக்குறைய 24 வாட்-மணிதான், 100க்குள் இருப்பதால் விமானத்தில் மறுக்கமாட்டார்கள். பழைய பெட்டியில் இருக்கிற நிக்கல்-கட்மியம் பற்றரியை மட்டும் கழற்றி அங்கேயே ஒப்படைத்துவிடு, இத்தனை வருடத்தில் கசிந்திருக்கும். பற்றரி இருந்த இடத்தில் பச்சை பூத்திருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு, என்ன செய்யலாமென்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி