கணக்கு எழுதும் கைக்கும் கூலி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியில் இயங்கும் சிறிய தொண்டு அமைப்புகளுக்கு உதவ முன்வருவோர் நோட்டுப் புத்தகம், கம்பளி, மரக்கன்று, கழிப்பறை என்று கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே பணம் தருகிறார்கள். அந்தப் பணத்துக்குக் கணக்கு வைக்கும் ஆளுக்குத் தருவதில்லை. வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான், கோத்தகிரிப் பகுதியின் பழங்குடிக் குடியிருப்புகளில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சங்கத்தில் எட்டு ஆண்டுகளாகச் சம்பளமில்லாப் பொருளாளராக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற சங்கம் ஓராண்டில் முடித்தாக வேண்டிய எழுத்து வேலை கொஞ்சமல்ல. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பொதுக்குழுவைக் கூட்டி, தீர்மானங்களைப் பதிந்து, கணக்கையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருவோருக்கு வரிச்சலுகை) பதிவுகள் முன்பெல்லாம் ஒருமுறை கிடைத்தால் நிலைத்திருந்தன. 2021 ஏப்ரலிலிருந்து எல்லோரும் புதிதாகப் பதிந்துகொண்டு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றானது. (வருமானம் 5 கோடி ரூபாய்க்கு மிகாத அமைப்புகளுக்கு வரிவிலக்குப் பதிவின் காலத்தை 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் பத்து ஆண்டுகளாக்கியது ஓர் ஆறுதல்.) 80ஜி சலுகையோடு நன்கொடை வாங்கினால், கொடுத்தவர்களின் விவரத்தை வருமான வரித் துறையின் இணையதளத்தில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம்.

அந்தக் கட்டணத்தை நாங்கள் ஒருமுறை கட்டினோம். சங்கத்தின் இணையக் கணக்கு முழுவதும் முந்தைய செயலாளரின் கைப்பேசி எண்ணோடு இணைந்திருந்தது. அவரோ வேலை கிடைத்துப் பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஓடிபி அவர் எண்ணுக்குத்தான் வரும். அவர் தங்கியிருந்த இடத்தில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவர் கடைவீதிக்கு வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, நானும் ஆடிட்டர் அலுவலகத்துப் பையனும் கணினி முன் காத்திருந்தோம். மொத்தம் 17 நாள் தாமதம், 3,400 ரூபாய். மையத்தில் பாடம் சொல்லித்தரும் பெண்ணுக்கு நாங்கள் அப்போது கொடுத்துவந்த மாத மதிப்பூதியத்தைவிட அது அதிகம். யாரும் பணத்தைக் கையாடவில்லை, யாரும் சும்மா இருக்கவும் இல்லை. ஒருவர் விலகும்போது அவர் பார்த்த வேலையை அடுத்தவர் முறைப்படி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எங்களிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கடுத்த ஆண்டு, சமூகப் பொறுப்பு நிதி (நிறுவனங்கள் தம் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதி) தர வந்த ஒரு நிறுவனத்திடம் கொடுத்த திட்ட மதிப்பீட்டில், பகுதிநேரக் கணக்காளர் ஒருவருக்கான சம்பளத்தையும் சேர்த்திருந்தோம். மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டார்கள். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம் என்று காரணமும் சொன்னார்கள். 2021-இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்லும் அந்த 5 சதவீதம், நிறுவனம் தன்னுடைய சமூகப் பொறுப்புப் பணிகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கான வரம்பு. குறிப்பிட்ட ஒரு திட்டத்தைக் களத்தில் நடத்தவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு அதில் சேராது. அதே விதிகள்தாம், நிதி பெறும் அமைப்புக்கு 12ஏ, 80ஜி பதிவுகளும் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும் என்றும் கேட்கின்றன. பதிவு உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் அதை உயிரோடு வைத்திருப்பவருக்குச் சம்பளம் கூடாது என்றால் நாங்கள் என்ன செய்வது? வெளிநாட்டு நிதியிலும் இதே கதைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்ததோடு, பெரிய அமைப்பு தான் பெற்ற நிதியைச் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியையும் அடைத்துவிட்டது.

இதற்கு மருந்தாக எங்களுக்குத் தரப்படுவது கோயம்புத்தூரில் ஒரு நாள் பயிலரங்கு. மதியச் சாப்பாடு நன்றாகவே இருக்கும், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் திரையில் ஓடும் விளக்கத்தைப் பார்த்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் கடைசிப் பேருந்தைப் பிடித்து மலையேறும் எங்கள் ஊழியருக்கு மறுநாள் காலை வவுச்சரை எப்படி அடுக்குவது என்பது முன்புபோலவே தெரியாது.

ஆள் வளர்ப்பு என்பது மெதுவான வேலை என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1986-இல் கூடலூர் வட்டாரத்தில் தொடங்கப்பட்ட அக்கார்ட் அமைப்பு ஆதிவாசிகளை ஊர் ஊராகச் சங்கமாகத் திரட்டியது. அதன் தொடர்ச்சியாக எழுந்த அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில், ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களானார்கள். 1993-இல் தொடங்கப்பட்டு, கோத்தகிரியை மையமாகக் கொண்டு இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியில் உருவான ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனத்தில் பழங்குடியினரே பங்குதாரர்கள். இவை எவையும் ஓராண்டுத் திட்ட நிதியில் விளைந்தவை அல்ல.

அந்த அளவுக்கு வளர எங்களைப் போன்றோருக்கு வலுவில்லை. எனவே நான் கேட்பது சிறிய ஏற்பாடு. கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் உள்ள ஐந்து சிறு அமைப்புகள் சேர்ந்து ஒரே கணக்காளரை அமர்த்திக்கொள்ளலாம். மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்றால் ஆளுக்கு 4,000. வாரத்தில் ஒரு நாள் ஓர் அமைப்புக்கு. உதகையிலும் கூடலூரிலும் அரசுக் கல்லூரிகளில் வணிகவியல் படித்துவிட்டு, மலையை விட்டு இறங்க மனமில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். நிதி தருவோர் அந்த 4,000 ரூபாயைத் திட்டச் செலவாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் பங்குக்கு நாங்களும், கடவுச்சொல்லையும் முத்திரையையும் ஒரே ஆளின் அலமாரியில் பூட்டிவைக்கும் பழக்கத்தை விட வேண்டும். இதில் நானும் குற்றவாளிதான்.

இவ்வாண்டு இதற்காகக் கோத்தகிரியில் மற்ற மூன்று அமைப்புகளின் பொருளாளர்களிடம் பேசியிருக்கிறேன். எங்களோடு சேர்த்து நான்கு ஆகிறது. ஐந்தாவது ஒன்று வேண்டும். குன்னூர், வெலிங்டன் பகுதிகளில் ஓய்வுக் காலத்தைக் கழிக்கும் தணிக்கையாளர்கள் எவரேனும், புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் சனிக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர முன்வந்தால், பேருந்துக் கட்டணமும் தேநீரும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு சங்கத்தின் பொருளாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.