ஒரு கோட்டுக்காக ஒரு மாதம்

மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. விதைப்பு முடிந்துவிட்டது என்று அறிந்ததில் சந்தோசம். இங்கே மழை விட்டபாடில்லை. படுவான்கரைப் பக்கம் வயல்கள் தண்ணீருக்குள் கிடக்கின்றன, ஆற்றுவாயை வெட்டினால்தான் வடியும் என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சுகம். அக்காவுக்கு முழங்கால் வருத்தம் மட்டும் இந்தக் குளிருக்குக் கொஞ்சம் கூட.

மகளைப் பற்றி நீ எழுதியதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பேராதனைக்குப் போய் ஒரு மாதமாக ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள், ஒன்றும் வரவில்லை, இவளுடைய கெட்டித்தனமெல்லாம் எங்கே போனது என்று கேட்டிருக்கிறாய். மச்சான், இதை அவளிடம் கேட்டுவிடாதே. அவள் செய்வது வெஸ்டர்ன் ப்ளொட்டிங், கலத்துக்குள் இன்ன புரதம் இருக்கிறதா என்று தேடும் சோதனை. நானும் அதோடு வருசக் கணக்காகக் கிடந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நுணுக்குக்காட்டியில் கலம் தெரியும், கரு தெரியும். ஆனால் அந்தக் கலத்துக்குள் இன்ன புரதம் இருக்கிறதா, மருந்து கொடுத்த பிறகு கூடியதா குறைந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதனால் கலங்களை உடைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை எஸ்.டி.எஸ். என்ற சவர்க்காரப் பொருளோடு சேர்த்து 95 பாகை செல்சியசில் சூடாக்குவோம். மடிந்து கிடந்த புரதம் விரிந்துவிடும், உடம்பெல்லாம் மறையேற்றம் ஏறிவிடும். பிறகு நுண்ணிய துளைகள் நிறைந்த ஜெல்லில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் எல்லாம் நேர்முனையை நோக்கி ஓடும். வலைக்கண்ணுக்குள்ளால் சின்ன மீன் சுளுவாகப் போய்விடும், பெரியது திணறும் அல்லவா, அதுபோல சிறிய புரதங்கள் முந்திவிடும், பெரியவை மேலேயே தங்கும். லெம்லி என்பவர் 1970இல் எழுதிய முறை இது. இன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய அப்படியேதான் செய்கிறார்கள்.

பிறகு ஜெல்லில் இருப்பதை ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்ற வேண்டும். 1979இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் டோபின் குழுவினர் இதற்கு வழி கண்டார்கள். ஜெல்லையும் சவ்வையும் கடதாசிகளுக்கு நடுவே வைத்து அடுக்கி மறுபடி மின்சாரம் கொடுப்பார்கள். அடுக்கும்போது ஒரு சோதனைக்குழாயை உருட்டி உருட்டிக் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழி நின்றுவிட்டால், அந்த இடத்தில் சவ்வில் வட்டமாக ஒரு வெற்றிடம். நீ தேடும் புரதம் அந்த வட்டத்துக்குள் இருந்தால் அன்றைய வேலை போச்சு.

அடுத்தது பால் மா. உண்மையாகத்தான். சவ்வுக்கு எந்தப் புரதத்தையும் பிடித்துவைக்கும் குணம் உண்டு, நாங்கள் தேடும் புரதத்தில் போய் ஒட்டுவதற்காகப் பிறகு விடும் பிறபொருளெதிரியும் (அன்டிபொடி) ஒரு புரதம்தான். வெறும் இடங்களை முன்கூட்டியே நிரப்பாவிட்டால் பிறபொருளெதிரி கண்ட இடமெல்லாம் ஒட்டி, சவ்வு முழுக்கக் கறுத்துவிடும். அதற்காக ஆடை நீக்கிய பால் மாவை 5 சதவீதமாகக் கரைத்து அதில் ஊறவைப்போம். ஆனால் பொசுபேற்று என்ற இரசாயனக் கூறு ஏறிய புரதத்தைத் தேடுகிறவர்கள் பால் மாவைத் தவிர்ப்பதுண்டு. பாலில் உள்ள கேசீனிலேயே பொசுபேற்று இருக்கிறது, அது குழப்பும்.

மறுகா முதல் பிறபொருளெதிரி, இரவு முழுக்க 4 பாகைக் குளிரில். அடுத்த நாள் கழுவிவிட்டு, முதலாவதைப் பிடிக்கும் இரண்டாவது பிறபொருளெதிரி. அதில் ஒரு நொதியம் கட்டியிருக்கும். அந்த நொதியம் வேலை செய்யும்போது வெளிச்சம் வரும், அந்த வெளிச்சம்தான் படத்தில் கோடாக விழும்.

பார்த்தாயா, கடைசியில் அவள் காண்பது வெளிச்சத்தை, புரதத்தை அல்ல. நடுவே இத்தனை படிகள். எதில் பிசகினாலும் கோடு வராது. கோடு வந்துவிட்டாலும் ஆறுதல் இல்லை, சொல்லப்போனால் அதுதான் ஆபத்தான நேரம். அதே அளவுள்ள வேறொரு புரதத்தில் பிறபொருளெதிரி போய் ஒட்டியிருக்கலாம். அதனால் அந்தப் புரதமே இல்லாத கலங்களையும் பக்கத்தில் ஓடவிட்டு, அங்கே கோடு வரவில்லை என்று காட்ட வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே அளவு மாதிரி போனதா என்பதற்கு எல்லாக் கலத்திலும் இருக்கும் அக்டின் போன்ற ஒரு புரதத்தையும் பார்க்க வேண்டும். அது 42 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) இடத்தில் ஒரே சீராக நிற்க வேண்டும். இவ்வளவும் பார்க்காமல் கொடுக்கும் முடிவை நான் நம்பவே மாட்டேன்.

கலத்தையே சந்தேகிக்க வேண்டியும் வரும். 1951இல் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலேயே எடுத்து வளர்த்தவை ஹீலா கலங்கள். ஒரு மனுசியிடம் அப்படி நடந்துகொண்டது பெரிய அநியாயம். அந்தக் கலங்கள் உலகம் முழுக்கப் போயின. 1966இல் காட்லர் என்ற மரபியலாளர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, வேறு வேறு கலங்கள் என்று பலர் வளர்த்துவந்தவற்றில் நிறைய உண்மையில் ஹீலாதான் என்று. எவ்வளவு பேருடைய உழைப்பு அதில் போயிருக்கும், யோசித்துப் பார்.

புரதத்தின் வடிவத்தைக் கம்பியூட்டரே சொல்கிறதாமே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்றும் கேட்டிருந்தாய். உண்மைதான், அப்படிச் சொல்லும் அல்ஃபாஃபோல்டு புரோகிராமுக்காக 2024இல் ஹசாபிசுக்கும் ஜம்பருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்குத் தகுந்த வேலை. ஆனால் இந்தக் கலத்தில், மருந்து கொடுத்த பிறகு, அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதை உன் மகள் மாதிரி ஒருத்தி நின்று அளந்துதான் சொல்ல வேண்டும்.

அதனால் போனில் பேசும்போது “வந்ததா?” என்று கேட்காதே. “இந்த முறை எதை மாற்றிப் பார்த்தாய்?” என்று கேள். அவள் வடிவாகச் சொல்லுவாள்.

என் நம்பரை அவளிடம் கொடு, பின்னேரம் எப்போதும் பேசலாம். பிறபொருளெதிரிக் குப்பி பழையதா, அடிக்கடி உறையவைத்து இளக்கினார்களா என்பதை முதலில் கேட்டுவைக்கச் சொல். அப்படியென்றால் அது வலு இழந்திருக்கும். புதுக் குப்பி வந்ததும் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்