கோலாப்பூரிலும் தேடுங்கள், சென்னையிலும் தேடுங்கள்

கர்நாடகத் திரைப்பட அகாதெமிக்கு,

வணக்கம். பெங்களூரில் நெடுநாளாகக் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் மார்ச் 3 கன்னடத் திரைப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1934-இல் அந்த நாளில்தான் முதல் கன்னடப் பேசும்படமான ‘சதி சுலோசனா’ சிட்டி மார்க்கெட் பக்கத்திலிருந்த பாரமவுண்ட் கொட்டகையில் திரைக்கு வந்தது. விழாவுக்கு மாலை உண்டு, மேடை உண்டு, உரை உண்டு. போட்டுக் காட்டப் படம்தான் இல்லை. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்துக்கும் இதே கதிதான். அந்தக் கால நைட்ரேட் படச்சுருள் சட்டென்று தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டால் தானே நொறுங்கும். போதாக்குறைக்கு, அதிலிருந்த வெள்ளிக்காகவே அழித்தவர்களும் உண்டு.

ஆகவே சுருள் கேட்கவில்லை. காகிதத்தைத் தேடுங்கள் என்கிறேன். பாட்டுப் புத்தகம், நோட்டீசு, கொட்டகைக் கணக்கு, எதுவானாலும். ஆனால் கர்நாடகத்துக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். ‘சதி சுலோசனா’ எடுக்கப்பட்டது மராத்தி பேசும் கோலாப்பூரின் சத்ரபதி ஸ்டூடியோவில். பணம் போட்டவர் சமன்லால் டூங்காஜி. அதில் நடித்த சுப்பையா நாயுடுவும் இராவணனாக வந்த நாகேந்திர ராவும் கன்னட நாடக மேடைக்காரர்கள், இயக்கிய ஒய். வி. ராவோ தெலுங்கர். மூன்றே ஆண்டில் அவர் தமிழில் ‘சிந்தாமணி’ எடுத்து எங்கள் ஊர்களைக் கிறங்கடித்தார். (நடிகை லட்சுமியின் தந்தை என்றால் இன்றைய தமிழருக்குச் சட்டென்று விளங்கும்.) 1936-இன் ‘சம்சார நௌகா’ சென்னையில் உருவான கன்னடப் படம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ தந்த பந்துலு முதலில் முகம் காட்டியது அதில்தான். இத்தனை பேர் வந்து போன சென்னையில், பழைய வீட்டுப் பரணில் ஒரு தாளாவது தங்கியிராதா?

தமிழ், மராத்திப் பத்திரிகைகளிலும் ஒரு விளம்பரம் கொடுங்கள். மூலத்தைக் கேட்காதீர்கள், கொடுக்க மனம் வராது. வீட்டுக்கே வந்து படியெடுத்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள்.

முதலில் என் வீட்டுக்கே வரலாம். பாட்டனாரின் தகரப்பெட்டியில் தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில் கன்னடத்தில் ஒன்று கிடக்கிறது. அட்டை இல்லை, முதல் நான்கு பக்கமும் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைமேல் ராகம் போட்டிருக்கிறது. காம்போதிக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் ஒரு குறி. எழுத்துக் கூட்டித்தான் எனக்குக் கன்னடம் படிக்க வரும். எந்தப் படம் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பெங்களூர்த் தமிழன் ஒருவன்